மாரிக்கண்ணு, பத்து விநாடிக்கு ஒருமுறை

லாபிஸில் டயர்க் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
கீழே லோரிக்குக் காற்றடிக்கும்போது
சர்வர் வைத்த இரும்பு அலமாரி லேசாக நடுங்கும்.
அதற்குள் எண்பத்தாறாயிரம் பெயர்கள்:
செக்ரோல், பிறப்புப் பதிவு, எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டு,
எல்லாம் கிராணிகள் காதில் விழுந்தபடி எழுதியவை.

சிவப்பு அட்டைக்காரர்கள் வருவார்கள்,
அப்பனோ அம்மாவோ இங்கேதான் பிறந்தார்கள்
என்பதற்கு ஒரு காகிதம் தேடி.
ஒருத்தியை மூன்று கிராணிகள் மூன்று பேராக்கியிருப்பார்கள்.
மாரிக்கண்ணு.
மரிக்கானு.
மேரி கண்ணு.
தேடுதளம் மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்து வைக்கும்.
மூன்றும் ஒருத்திதான் என்று இலாகாவிடம் வாதாடுவது
வக்கீல் அமிர்தகௌரியின் பாடு.

பிப்ரவரியில் அது இரண்டு தடவை
சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிட்டது.
பெக்கோக்கிலிருந்து பஸ் ஏறி வந்தவர்
மத்தியானம்வரை பெஞ்சில் இருந்துவிட்டு
"இன்னொரு நாள் வாரேன்" என்று போனார்.
வரவில்லை.
"அது மூச்சு விடுதான்னு பார்க்க ஏதாவது போடு"
என்றார் வக்கீல்.

போட்டேன்.
முகவரி: இதே மெஷின்.
கதவு எண்: ஒன்பதாயிரத்து இருநூறு.
இடைவெளி: பத்து விநாடி.
கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் வைத்து
யாரும் படிக்க முடியாதபடி பூட்டினேன்,
பிளக்இன்கூட.
அரைமணி நேரம் 'அனுமதி இல்லை' என்றே சொன்னது.
மறுத்தது நான்தான் என்று
மைலோ ஆறிய பிறகு உறைத்தது.

பிறகு எண்கள் வந்தன.
நினைவகம் அறுபது சதவீதம்.
வரிசையில் காத்திருப்பவை: இல்லை.
நிலை: மஞ்சள்.
பயந்து படித்தேன்.
ஒவ்வொரு பதிவுக்கும் நகல் வைக்க
இரண்டாவது மெஷின் கேட்கிறதாம்.
அதற்குக் காசில்லை.
இங்கே வருகிற யாரிடம்தான் நகல் இருந்தது?
மஞ்சளாகவே இரு என்று விட்டேன்.

உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால் போதாது,
தேடத் தெரிகிறதா என்றும் கேள் என்றது கையேடு.
சோதனைக்கு ஒரு பெயர் வேண்டும்.
பதிவேட்டைத் திறந்தேன், முதல் பக்கம், முதல் வரி.
மாரிக்கண்ணு, வெட்டு, பதினாலாம் நிரை.
யோசிக்காமல் தட்டினேன்.

திங்கள் காலை ஹஸ்லின் கை தட்டினாள்.
ஞாயிறு ஒரே நாளில்
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது தேடல்!
லாபிஸ் முழுக்கத் தூங்காமல் தேடியிருக்கிறது என்றாள்.
நான் ஒரு நாளைப் பத்துப் பத்து விநாடியாக நறுக்கிப் பார்த்தேன்.
சரியாக அதே எண்.
வெளியிலிருந்து ஒருவர்கூட இல்லை.
இரவெல்லாம் பெரட்டு நடந்திருக்கிறது, ஒரே பேருக்கு,
அவளும் ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறாள்.
முதல் தடவை நாற்பது மில்லிவிநாடி,
இப்போது இரண்டு.
கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசலுக்கே வந்துவிட்டவள் மாதிரி.

"பேரை மாத்து,
கண்டபடி நாலு எழுத்து போடு" என்றார் வக்கீல்.
கண்டபடி நாலு எழுத்து கிடைக்காது, மேடம்.
கிடைக்கிற ஒன்றைத் தேடினால்தான்
தேடுகிறது என்று தெரியும்.
அவர் கண்ணாடியைத் துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வருடத்தில் இவளைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

புதன்கிழமை எண்ணிக்கை
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்று.
கழித்தால் மூன்று.
யாரோ, எங்கிருந்தோ.
எந்தப் பெயர் என்று பிளக்இன் சொல்லாது;
அது எண்ணும், காது கொடுக்காது.
கேட்ட பெயர்களைக் குறித்து வைக்கும் வசதியை
மற்றவர் பெயர் சும்மா கிடக்கக்கூடாதென்று
நானே அணைத்திருந்தேன்.

அணைத்தது சரிதான்.
இருந்தாலும் அந்த மூன்றை
மதியச் சாப்பாடுவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
கீழே ஒரு லோரி வந்து நின்றது.
அலமாரி நடுங்கியது.
கோடு ஒருகணம் மேலே குதித்து,
ஏழு மில்லிவிநாடி,
மறுபடி படுத்தது.