மெத்தென்ற இடம்

பிரிந்தபோது எல்டன் வீட்டை வைத்துக்கொண்டான்.
எனக்குப் பதினேழடி ஃபைபர் படகும்
அதை ஏற்றி இழுக்கிற துருப்பிடித்த வண்டியும்.
"தளம் நானே போட்டது. மரைன் பிளைவுட்.
உன் ஆயுசுக்கும் வரும்" என்றான்.

ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு தட்டளவு இடம்
மிதித்தால் ரொட்டிபோல் அமுங்கும்.
ஆறு வருஷம் அதைத் தாண்டித் தாண்டியே நின்றேன்.
கானாங்கெளுத்தி பிடித்தேன்,
லஹேவ் ஆற்று வாயில் மூடுபனியில் வழி தவறினேன்,
ஒரு தடவைகூட அங்கே கால் வைக்கவில்லை.

இந்த அக்டோபரில் ரம்பம் வாங்கினேன்.

பல் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால்
படகின் வயிறு கிழியும் என்று
ஓவன் வைனாட் வேலிக்கு அந்தப்புறமிருந்தே
மூன்று தடவை சொன்னார்.
கோடு போட்டு அறுத்தேன். கடப்பாரையால் நெம்பினேன்.
வந்தது பலகையல்ல, ஊறிய தேயிலைத் தூள்.
அதற்கடியில் நுரைக்கட்டி, தண்ணீர் குடித்துக் குடித்து
நனைந்த ஆடுபோல் கனத்தது.
கடலின் மேல் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்;
ஒரு பங்கு கடலைக் கூடவே சுமந்திருக்கிறேன்.

முன்பக்கத் துண்டு முழுசாகக் கழன்றது.
திருப்பினால் மஞ்சள்.

அந்த மஞ்சளை எனக்குத் தெரியும்.
கீல் பதிந்த இரண்டு பள்ளம், கைப்பிடிக்கு ஒரு துளை,
துளையைச் சுற்றி என் விரல் தேய்த்த அழுக்கு.
தொண்ணூற்றி ஆறில் சமையலறையை மாற்றியபோது
குப்பைக்குப் போய்விட்டதென்று அவன் சொன்ன
என் அலமாரிக் கதவு.

பூசி மெழுகுவதில் எல்டனை மிஞ்ச ஆளில்லை.
மேலே ரெசின், அதற்கு மேலே சாம்பல் பெயிண்ட்,
அதற்கும் மேலே ஒரு பேச்சு.

சிரித்தேன். முகமூடிக்குள் சிரிப்பது சிரமம்,
கண்ணாடியில் ஆவி படிந்துவிடுகிறது.
இரவில் கோபம் வந்தது. அல்லது அரிப்பு.
மணிக்கட்டில், கழுத்து மடிப்பில், கண்ணாடி இழைத் தூள்.
வெந்நீரில் குளிக்கக் கூடாதென்பதை
குளித்தபிறகு படித்தேன்.

அடுத்து வந்தது தார்ப்பாயும் ஹீட்டரும் காத்திருப்பும்.
குளிர்ந்துபோனால் எபாக்சி இறுகாது;
நிறையக் கலந்தாலோ பொறுக்காது.
முதல் கோப்பை கையிலேயே கொதித்துப் புகைந்தது.
புல்லில் எறிந்தேன், புல் கருகியது.
இரண்டாவதைச் சின்னதாகக் கலந்தேன்.
மஞ்சள் கதவுதான் கலக்குமேடை; நாலாம் நாள்
அதில் மஞ்சள் தெரியவில்லை.

புதுப் பலகையின் மேல் வெள்ளை இழைத்துணி.
ரெசின் ஊற ஊறத் துணி காணாமல் போயிற்று.
உருளையால் காற்றுக் குமிழிகளை ஓரத்துக்கு விரட்டினேன்.
ஒன்று மட்டும் போகவில்லை.
இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசிப் பூச்சுக்கு மணல் தூவுவார்கள், வழுக்காதிருக்க.
"மணல் முட்டியைத் தின்னும், சர்க்கரை போடு" என்றார் ஓவன்.
பெயிண்ட் காய்ந்தபின் வெந்நீர் ஊற்றினால்
சர்க்கரை கரைந்துபோகும், அது இருந்த குழி நிற்கும்;
காலுக்குப் பிடிமானம் அந்தக் குழிகள்தானாம்.
இரண்டு கிலோ வாங்கினேன்.
ஜாம் போடுகிறாயா என்றாள் கடைக்காரப் பெண்.
ஆமாம் என்றேன்.

சல்லடையில் போட்டு ஈரத்தின் மேல் தட்டும்போதே
குளவிகள் வந்துவிட்டன, பருவத்தின் கடைசிக் குளவிகள்,
பசித்து, நிதானமிழந்து.
ஒன்று இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்டது.
சுரண்டினால் தளம் கெடும்.
அதற்கு மேலே இன்னொரு பூச்சு போட்டேன்.
நானும்தான்.

சனிக்கிழமை ஆற்றில் இறக்கினோம்.
படகு லேசாகி உயர்ந்து நின்றது,
பழைய நீர்க்கறை நாலு விரல் மேலே தெரிந்தது.
ஓவன் முன்னால் உட்கார்ந்து குதிகாலால் தட்டினார்.
டங் என்றது. மறுபடி தட்டினார்.
பேசவில்லை; அவருக்கு அது பெரிய பாராட்டு.

கயிற்றை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போனேன்.
என் கால்
ஒன்றுமில்லாத அந்த இடத்தைத்
தாண்டிப் போய் ஊன்றியது.