ஒத்துவரும் வரை

மல்லாவிச் சந்திக் கடை.
வேகத்தை நாலுக்குக் குறைத்துவிட்டேன்.
சேட்டு நுனியாலில்லை, கண்ணாடித் துணியால்
நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்த சீடி.

ஒரே இடத்தை இரண்டுதரம் வாசிக்கும்.
பதில் ஒத்துவந்தால் நகரும்.
இல்லாவிட்டால் திரும்பவும், திரும்பவும்,
பதினாறு தரம்.

செட்டிகுளத்தில் என்னையும் இப்படித்தான்:
பெயர், ஊர், எத்தனையாம் ஆண்டு எங்கே நின்றாய்.
மறுநாள் வேறொருவர், அதே கேள்வி.
ஒருதரமும் பிழைவிடவில்லை நான்.
அதுக்கும் சந்தேகப்பட்டார்கள்.

ஏழாவது பாட்டில்
புல்லாங்குழல் மூச்செடுக்கிற இடத்தில் கீறல்;
ஒவ்வொருமுறையும் வேறு பதில்.
பத்து மணியிலிருந்து வாங்கில் தவரூபன்,
உள்ளங்கையில் வெறும் பிளேயர்.

"டிக்கெண்டு ஒரு சத்தம் வரும், பரவாயில்லையோ?"
"ஓமக்கா. துணுக்காய் பஸ் வரப்போகுது."

விட மனமில்லை.
தட்டைத் திறந்து, ஊதி, மூடி,
இன்னுமொருக்கால் கேட்கிறேன்,
மெதுவாக.