கோணல், ஏழாம் இதழ்

முதலில் தீர்ந்தது மஞ்சள்.
ஜெர்மன் மை. டப்பாவின் அடியைச்
சீட்டுக்கட்டு ராணியால் சுரண்டி
ஐந்தாம் இதழுக்குப் பாதிச் சூரியன் அடித்தோம்.
ஆறாம் இதழில் சூரியன் கறுப்பு.
கும்பகோணத்துச் சந்தாதாரர் ஒருவர்
'என்ன ஆழம், என்ன குறியீடு' என்று
நான்கு பக்கம் எழுதியிருந்தார்.
எத்திராஜுலு சிரித்துப் புரையேறித்
தண்ணீர் கேட்டான்.

அதற்கு முன்னால் எங்களிடம் எல்லாம் இருந்தது.
குடை பிடித்த வஞ்சிரம்.
கூரையில்லா வீட்டில் மிதக்கும் கட்டில்.
வயிற்றில் கடிகாரம் ஓடும் கர்ப்பிணி;
அவளுக்காக ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது,
சட்டம் போட்டு மாட்டினோம்.
அப்புறம் அந்தக் கை.
தோளிடம் சொல்லாமல் கிளம்பிப்போய்த்
தெருவிளக்கு ஏற்றும் ஒற்றைக் கை.
அதுதான் எங்கள் அட்டை, எங்கள் கொடி.
'உடம்பிலிருந்து விடுதலை' என்று தலையங்கம் எழுதினேன்.
எனக்கு இருபத்து மூன்று வயது.

பிறகு காகிதத்துக்குக் கோட்டா.
முப்பத்திரண்டு பக்கம் எட்டானது.
தங்கசாலைத் தெருவில் விளக்குகளுக்கு முக்காடு.
அம்மிக்கல்லையும் ஏற்றிக்கொண்டு
பாதிப் பட்டணம் ரயிலேறிவிட்டது.
பூங்காவில் சிங்கங்களைச் சுட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.
அன்றிரவு ப்ரூஃப் பார்க்கையில்தான் தெரிந்தது,
இத்தனை நாளும் அந்தக் கர்ஜனைக்கு நடுவே
ஒற்று மிகும் இடங்களைத்
திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

நெய்னா முகம்மது வந்தது சித்திரையில், ஒரு பகல்.
மண்ணடிக்கு வழி கேட்கத்தான் படியேறினார்.
ரங்கூனிலிருந்து அரக்கான் வரை நடை,
அப்புறம் கப்பல்.
முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது.
சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார்.
டிராம் எங்கே நிற்கும் என்பதுபோல் கேட்டார்:
"இது எந்தத் தெரு? மொகல் தெருவா?"

டிரெடில் இரண்டு முறை வாய் மூடித் திறந்தது.
மிதித்தவன் காலை எடுத்துவிட்டான்.

"வளையலை விட்டுட்டீங்களே,"
என்றார் போகும்போது.

எத்திராஜுலு ஒன்பது நாள் வரவில்லை.
லினோலியம் எங்கும் இல்லை;
பலாப் பலகையில் செதுக்கிக் கொண்டுவந்தான்.
சோறு தின்னும் ஒருவன். அவ்வளவுதான்.
தோளில் கை, கையில் விரல், ஐந்தும்.
ஆஸ்பத்திரிப் பதிவேடு எழுதுகிறவன் மாதிரி
நகம் நகமாக எண்ணியிருந்தான்.
'கோணல் நிமிர்ந்துவிட்டது, வருந்துகிறோம்'
என்று கும்பகோணம் சந்தாவை நிறுத்தியது.

அவர் சரியாகப் பார்க்கவில்லை.
இலைக்கு மேலே இன்னொரு கை இருந்தது,
படத்தின் விளிம்பிலிருந்து நீண்டு,
குழம்பு ஊற்றியபடி, வளையலோடு.
அவளுடைய மிச்ச உடம்புக்காக
வலது ஓரத்தில் நான்கு அங்குலம்
வெறும் வெள்ளையாக விடச் சொன்னான்.
காகிதம் கிடைக்காத
அந்த மாதத்தில்.
விட்டோம்.