இரண்டாவது பிரேக்

கழட்டினால்தான் விக்கலாம் அக்கா, என்கிறான் றெஜி.
லோரன்ஸ் அவெனியூவில் அவனுடைய கராஜ்.
மார்ச் மாதத்து உப்புச்சேறு சொட்டச் சொட்ட
தூக்கில் நிற்கிறது அம்மப்பாவின் கொரோலா.
பக்கத்துச் சீற்றுக்கும் ஒரு பிரேக் இருந்தால்
ஆர் வாங்குவான்?
மனுசி காலை வைச்சால் கதை முடிஞ்சுது.
அவன் சிரிக்கிறான். நானும் சிரித்துவிட்டேன்.
அந்தியேட்டி முடிந்து பத்து நாள்.

எனக்கு லைசென்ஸ் இல்லை.
இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.
ஸ்காபரோவில் பாதிப் பேரை றோட்டில் இறக்கிவிட்டவரின்
ஒரே பேத்தி
ஐம்பத்துநாலாம் நம்பர் பஸ்ஸில் தொங்குகிறாள்.

மூன்று தரம் கேட்டார், பழகுவமோ பிள்ளை என்று.
மூன்று தரமும் வின்டர் போகட்டும் என்றேன்.
நாலாம் தரம் கேட்கவில்லை.
அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில்
இரவு வேலை முடிந்து நான் வெளியே வரும் கதவடியில்
எஞ்சினை ஓடவிட்டபடி நின்றார்.
சூடேறிய சீற். வாய்க்குள் கராம்பு.
ஏன் முகம் வாடியிருக்கு, ஆர் என்ன சொன்னது,
ஒன்றும் கேட்கமாட்டார்.
பெல்ட், என்பார்.
வீடு வரும்வரை அந்த ஒரு சொல்தான்.

செத்தவீட்டன்று வரிசை
மண்டபத்தைத் தாண்டி பார்க்கிங் வரை நீண்டது.
முக்கால்வாசி முகம் எனக்குத் தெரியாது.
மரிவிக் என்ற நேர்ஸ் என் கையை விடவேயில்லை:
ஏழாம் தரம்தான் பாஸ் பண்ணினாளாம்,
தோற்ற ஆறு தரமும் சூப் வாங்கிக் கொடுத்தாராம்,
பாஸ் பண்ணிய அன்று மட்டும்
நீ வாங்கு என்றாராம்.
சுகந்தமலர் என்று ஒருத்தி, பச்சை ஜாக்கெட்,
காசு வாங்க மறுத்ததைச் சொன்னாள்.
வீட்டை விட்டு வெளிக்கிடுற அண்டைக்கு
ஓடத் தெரிஞ்சிருக்கவேணும் தங்கச்சி, என்றாராம்.
நான் அவருக்கு ஒண்டுமே சொல்லேல்லை,
எப்பிடித் தெரியும்? என்று என்னைக் கேட்டாள்.
எனக்கு எப்படித் தெரியும்.

பிறகு, ஸ்னோ வழிக்கும் லொறி ஓட்டுகிற ஒரு பெடியன்,
பூட்ஸோடு, வேலைக்கு நடுவில் வந்தவன்:
பின்னால வாறவன்ர அவசரத்தை
நீ ஏன்ரா ஓடுறாய், எண்டு கேப்பார் அக்கா.
இப்பவும் ஹோர்ன் கேட்டால் அவர்ர குரல்தான்.

எனக்குச் சொல்லாத வசனம் அது.
சாம்பிராணிப் புகைக்குள் நின்று
ஒரு லொறிக்காரன் மேல் பொறாமைப்பட்டேன்.

றெஜி நாலு ஆணியைச் சுழற்றி
கம்பியை வெட்டி
பெடலை என் கையில் வைக்கிறான்.
பதினாறு வருடம். எத்தனை ஆயிரம் சிவப்பு விளக்கு.
றப்பரில் ஒரு வரிகூட அழியவில்லை.
நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் இருக்கிறது.
இவர் இதைத் தொடவேயில்லையா, என்று கேட்கிறேன்.
லைற்றை இஞ்சால பிடியுங்கோ, என்கிறான்.

பெடல் இருந்த இடத்துக்கு ஒரு சாண் இப்பால்
விரிப்புத் தேய்ந்து
அடியிலிருந்த சடையும் தேய்ந்து
தகரம் தெரிகிறது,
ஒரு குதிக்கால் அளவுக்கு.

பயந்திருக்கிறார்.
ஒவ்வொரு சந்தியிலும், ஒவ்வொரு பிள்ளைக்கும்
உயிர் போகப் பயந்திருக்கிறார்.
பயத்தை அங்கே மிதித்துவிட்டு
முகத்தை நேரே வைத்துக்கொண்டு
கராம்பு மென்றிருக்கிறார்.

என் சப்பாத்தைக் கழற்றி
அந்தப் பள்ளத்தில் காலை வைத்தேன்.
தகரம் குளிர்ந்தது.
றெஜி அந்தப் பக்கம் திரும்பி
தேடத் தேவையில்லாத ஒரு ஸ்பானரைத் தேடினான்.

திருப்பிப் பூட்டு, என்றேன்.

பூட்டலாம். ஆர் பக்கத்தில இருக்கப்போறது?
நான் பேசாமல் நின்றேன்.
பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.
ஞாயிறு எனக்குக் கராஜ் பூட்டு, என்றான்.
ஆனா அக்கா, நான் பயந்தாங்கொள்ளி.
மிதிச்சுப்போடுவன்.