துணிக்கொடிக்கு மேலே

காலை ஐந்தரைக்கு அவர்கள் கிளம்புகிறார்கள்.
மடியில் கம்பளி, கம்பளிக்குள் வெந்நீர்ப் பை,
துப்பாக்கியைவிட நீளமான கேமரா.
வண்டியின் மூக்கில் திருகிவைத்த இருக்கையில்
தடம் பார்க்கும் ஒன்ட்லாமெட்சே.
மணலைப் படிக்கத் தெரிந்தவன் முகத்தில்தான்
முதல் குளிர் அடிக்கிறது.

நான் எட்டாம் கூடாரத்துக்குப் போகிறேன்.
கூடாரம் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது.
உள்ளே செம்புக் குளியல்தொட்டி,
எட்டுப் பேர் படுக்கக்கூடிய கட்டில்.
இரவு யானை ஒன்று வந்து
அவருடைய குட்டி நீச்சல்குளத்தில்
பாதியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது.
ஒகவாங்கோ பத்தடியில் ஓடுகிறது.
அதற்கும் வடிகட்டிய தண்ணீர்
பழகிவிட்டது போலும்.

உள்ளாடைகளை நாங்கள் துவைப்பதில்லை.
எங்கள் பெண்களின் வழக்கம் அது.
மரியாதையான எழுத்தில் அட்டை அடித்து
பக்கத்தில் சோப்புத்தூளும் வைத்திருக்கிறோம்.
மற்றதெல்லாம் காக்கி, காக்கி, காக்கி.
ஒரு காலரில் விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.
அந்த எண்ணைப் புலாவில் பெருக்கிப் பார்த்தேன்.
புலா என்றால் எங்களுக்குப் பணம்,
மழை என்றாலும் அதே சொல்தான்.
அவ்வளவு மழையை நான் பார்த்ததில்லை.

துவைக்குமுன் சட்டைப்பைகளைத் தடவ வேண்டும்.
உதட்டுப் பசை வரும், விமானச் சீட்டின் துண்டு வரும்,
ஒரு முறை பொய்ப்பல்லும் வந்தது.
இன்று நாலாக மடித்த ஒரு பட்டியல்.
சிங்கம், சரி. எருமை, சரி.
காண்டாமிருகம் தெற்கே எங்கோ பார்த்தது, அதுவும் சரி.
சிறுத்தைக்கு நேரே
வெறும் கோடு.

சலவைக்கூடம் விருந்தினர் கண்ணில் படக்கூடாது.
அதற்காக நாணல் வேலி.
வேலிக்கு இந்தப் பக்கம் மொபோரோட்டா மரம்,
தடித்த சுரைக்காய்போல் காய்கள்,
கீழே என் துணிக்கொடி.
மூன்று நாளாக அந்தக் கிளையில்தான் படுத்திருக்கிறது.
கொடியிலிருந்து எடுக்க மறந்த பெல்ட் மாதிரி
வால்.

மசேகோவிடம் மட்டும் சொன்னேன்.
அவள் பேசாமல் போய்
இறைச்சி அறையைத் தாழிட்டாள்.

சமையற்கட்டு ரேடியோவில் ஒன்ட்லாமெட்சேயின் குரல்:
தடம் இருக்கிறது, ஆள் இல்லை.
ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.
வண்டிகள் வரும், எனக்குப் பணம் வரும்,
நாளை முதல் என் கொடியை
எங்கே கட்டுவது?

போன வருடம் எங்கள் ஊரில்
அக்காவின் கன்றுக்குட்டியை ஒன்று கொண்டுபோனது.
மூன்று பக்கப் படிவம் நிரப்பினோம்.
பதில் இன்னும் நடந்து வருகிறது.
அங்கே அது திருடன்.
இங்கே அதுதான் எனக்குச் சம்பளம் தருவது.
இரண்டுக்கும் நடுவே
கரி அடுப்பை ஊதிக்கொண்டு நான்.

நாலு மணிக்கு, நினைக்கவே இல்லை,
ஹால்வோர்சன் வேலியைத் தாண்டி வந்துவிட்டார்.
ஒரு காலுறை குறைகிறதாம்.
என் பெயர் ஒனலென்னா.
சட்டையில் குத்திய பட்டையில் லேனா.
"சிரமம் கொடுக்கிறேன், லேனா" என்றார்.
பிறகு தன் சொந்தக் கால்சட்டைகள்
காற்றில் நடப்பதைப் பார்த்து நின்றார்.
அவர் தொப்பிக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில்
மஞ்சள் கண்கள் திறந்தன.
தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை
ஒரு விருந்தாளியை இவ்வளவு நிதானமாக
எங்கள் மேனேஜர்கூடப் பார்த்ததில்லை.

இஸ்திரிப் பெட்டியை இறுகப் பிடித்திருந்தேன்.
"மெதுவாகப் போங்கள், ஐயா, வேர் தடுக்கும்."
காலுறையை வாங்கிக்கொண்டு
மெதுவாகத்தான் போனார்.
அண்ணாந்து பார்க்கவில்லை.

நாளை காலை சிறு விமானத்தில் ஏறுகிறார்.
பட்டியலை விரித்து, அந்தக் கோட்டின்மேல்
பென்சிலால் ஒரு சரி போட்டேன்.
யார் யாரைப் பார்த்தது என்று
அதில் கேட்கவில்லை.
மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்து
மேலே ஒரு முறை பெட்டியை அழுத்தினேன்.
ஈரத் தையலில் ஈ முட்டையிடும்.
சூட்டில்தான் சாகும்.