பூந்தொட்டி ஸ்டாண்டு

டங்கன் சார் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துப்
பின்பக்கம் வரைந்து கொடுத்தார்.
மூன்று தட்டு, படிக்கட்டு மாதிரி.
ஒவ்வொன்றும் எண்பது கிலோ தாங்கணும்.
"பூந்தொட்டி வைக்க" என்றார்
என் முகத்தைப் பார்க்காமல்.

ஷுஐபா யார்டில்
பதினொன்றிலிருந்து நான்கு வரை
வெயிலில் வேலை கூடாதென்று சட்டம்.
எல்லோரும் கண்டெய்னர் நிழலில்
லபன் ஊற்றிய சோற்றோடு சாய்ந்திருக்க
நான் ஷெட்டுக்குள்
மிச்ச ஆங்கிள்களை அள்ளிப் போட்டேன்.
நாற்பதுக்கு நாற்பது, ஐந்து மில்லி கனம்.
இரண்டு துண்டில் துத்தநாகப் பூச்சு.
அதைச் சுரண்டாமல் வெல்டிங் வைத்தால்
ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும்.
கொளஞ்சிக்கு வந்தது.
போர்வை கேட்டான், ஆகஸ்டில்.

தட்டுகளின் நடுவே வட்டம் வெட்டச் சொல்லியிருந்தார்.
ஒரு ஜாண் அகலம்,
கேஸ் அடுப்பு உட்காரும் அளவு.
எந்தச் செடிக்கு அடியில் தீ வைப்பார்கள் என்று
நான் கேட்கவில்லை.
பதினாலு வருஷமாக
கேட்காமல் இருப்பதுதான்
என் அக்காமாவைப் புதுப்பித்து வருகிறது.

மூன்றாம் நாள் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
நடுத்தட்டு தாழ்வு.
மேலிருந்து நடுவுக்குச் சரசரவென்று வந்துவிடும்.
நடுவிலிருந்து கீழ்ப்பானைக்குப் போகும் ஓஸ்
பாதிவழியில் மண்டியிட்டு நின்றுவிடும்.
பம்பு இல்லாமல் இறங்க வேண்டியது
உயரத்தை மட்டும்தான் நம்பும்.
எட்டங்குலக் குழாயோடு குடித்தனம் நடத்தியவனுக்கு
இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சார், நடுவை அரை அடி தூக்கணும்.
இல்லன்னா இறங்காது."
"எது இறங்காது?"

கிரைண்டர் நின்ற பிறகும்
காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாட்டர் சார். செடிக்கு."

எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்,
தண்ணி,
என்பதை அவருக்கு யார் சொல்ல.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார்.
பிறகு அட்டையில் ஆறு அங்குலம் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.

அன்று பழக்கதோஷத்தில்
கடைசி இணைப்பின் ஓரம்
என் முத்திரையை அடித்துவிட்டேன்.
டபிள்யூ இருபத்தேழு.
எந்த மூட்டு எங்கே விட்டாலும்
யார் கை என்று கண்டுபிடிக்க வைத்த எண்.

மங்காஃபில், மேல்படுக்கையில்,
ராத்திரி இரண்டு மணிக்கு அது ஞாபகம் வந்தது.
யாரோ அந்த ஸ்டாண்டைத் தலைகீழாகப் புரட்டுவதாக,
ஒருவன் டார்ச் அடித்து எண்ணைப் படிப்பதாக,
எண்ணிலிருந்து பாஸ்போர்ட்டுக்கும்
பாஸ்போர்ட்டிலிருந்து திருச்சி விமானத்துக்கும்
பம்பே இல்லாமல் எல்லாம் இறங்குவதாக.

விடிந்ததும் முதல் வேலை, கிரைண்டர்.
எண் போனது.
துருவேறிய காலில்
அழித்த இடம் மட்டும் கண்ணாடியாய்ப் பளபளத்தது.
கறுப்புப் பெயிண்டைத் தடவினேன், இரண்டு கோட்டு.

கேட் பாஸில் எழுதியது:
பூந்தொட்டி ஸ்டாண்டு, ஒன்று.
எடை நாற்பத்தாறு கிலோ.
வாட்ச்மேன் தன்பகதூர்
விரலால் தட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டான்,
"என்ன பூ இது, யானை மிதிக்கிற பூவா?"
இரண்டு பேரும் சிரித்தோம்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை
கால் ஆடுகிறதென்று
ஃபஹாஹீல் ஃபிளாட்டுக்குக் கூப்பிட்டார்.
கால் ஆடவில்லை. அவர் வீட்டுத் தரைதான் சாய்வு.
அடியில் ஒரு வாஷர் கொடுத்தேன்.
சமையலறை முழுக்க
புளித்த கஞ்சிக்கும் சுட்ட ரொட்டிக்கும் நடுவே ஒரு வாசனை.
மூன்று பெரிய பானைகள்,
வெள்ளைத்துணி கட்டி, பிரசவ வார்டு மாதிரி அமைதி.
மேல்தட்டின் ஓரத்தில்
சாட்சிக்கு ஒரு மணிபிளான்ட்,
அடுப்புப் பக்கத்து இலையெல்லாம் கருகி.

இருபது தினார் நீட்டினார்.
லேபிள் இல்லாத ஒரு பாட்டிலும் நீட்டினார்.
தினாரை வாங்கிக்கொண்டு
செடியைக் காட்டினேன்.

இப்போது அது எங்கள் ஜன்னலில்,
கழுத்து அறுத்த லபன் பாட்டிலில்.
கொளஞ்சிதான் தண்ணி ஊற்றுகிறான்.
நேற்று இரண்டு புது இலை.
"இதுக்கு ஒரு ஸ்டாண்டு அடிச்சா என்ன?" என்கிறான்.