வயது போதல்

பக்கமொன்றுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.
பதினொரு பக்கம். சம்மதப் படிவம்.
ஆங்கிலத்தில் வந்தது, ஐந்து நாட்டு முத்திரைகளோடு.
பொரளையில் ஓர் ஆய்வுகூடம்,
காலியில் ஒன்று,
யாழ்ப்பாணத்தில் இரத்தம் உறைந்து கிடக்கும் ஒரு குளிர்பெட்டி,
கடலுக்கப்பால் நான் காணாத மேசைகள்.
எல்லாரும் கூடிக் கேட்பது ஒன்றுதான்:
சீனிக்கு ஒரு குளிசை, பிரஷருக்கு ஒன்று,
நெஞ்சுக்கு இரண்டு என்று
கிளைகிளையாய் வெட்டுவதை விட்டு
வேரைத் தொட்டால் என்ன?

வேர் என்று அவர்கள் எழுதவில்லை.
நான் எழுதினேன், பிறகு அழித்தேன்.
ஒழுக்கநெறிக் குழுவுக்கு உவமை ஆகாது.

முதல் வரியிலேயே மூப்பு வந்தது.
நல்ல சொல், பழைய சொல் என்றுதான் போட்டேன்.
வாசித்துப் பார்க்க வந்த கொச்சிக்கடை ஸ்டனிஸ்லாஸ்,
முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
விரலை அதன்மேல் வைத்துக் கேட்டார்:
"கோயில் மூப்பர் பதவியா மிஸ்?
எனக்கு அது வேணாம். கணக்கு வழக்கெல்லாம் பார்க்கணும்."

படிவம் திரும்பி வந்தது.

டொக்டர் நெத்மினி தேத்தண்ணியோடு வந்து குந்தினாள்.
எங்கள் வாய்க்குப் பழகிய வரிசையைச் சொன்னேன்:
பிணி, மூப்பு, சாக்காடு.
அவள் பன்சலையில் கேட்டு வளர்ந்ததைச் சொன்னாள்:
ஜரா, வியாதி, மரண.
"பார்த்தாயா, எங்களில் முதுமை முன்னுக்கு வருகிறது.
இந்த ஆய்வு முழுக்க அவ்வளவுதான்."
பதினொரு பக்கத்தை
மூன்று சொல்லில் முடித்துவிட்டாள்.
எனக்குக் காசு போய்விடுமோ என்று பயம்.

பிறகு நான் சொன்னேன்:
சனம் மூப்பு என்று சொல்லாது.
வயது போய்விட்டது என்றுதான் சொல்லும்.
அவள் சிரித்தாள்.
"சிங்களத்தில் வயது போகாது,
நாங்கள்தான் வயதுக்குப் போவோம்."
"நாங்கள் வயதுக்கு வருவது பன்னிரண்டில்," என்றேன்.
"அதற்கு மஞ்சள் தண்ணி, பலகாரம், வீடியோ."

ஆறாம் பக்கம் கலங்களைப் பற்றியது.
சில கலங்கள் சாவதில்லை,
வேலையும் செய்வதில்லை,
இருந்த இடத்திலேயே இருந்து
அக்கம்பக்கத்துக் கலங்களுக்கு நஞ்சைக் கசிய விடும்.
தரவு பதிகிற ருமைஸா எட்டிப் பார்த்து
"எங்கட ஃபிளாட் கமிட்டித் தலைவர்," என்றாள்.
அன்று பின்னேரம் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
மூன்று பேரும் குளிர்பெட்டியின் கதவில் கைவைத்து நின்றோம்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
மழைத்தண்ணி கின்சி வீதியை மூடியிருந்தது.

எனக்கு நாற்பத்தொன்பது.
போன மார்கழியிலிருந்து பிரஷர் குளிசை.
அம்மாவுக்கு ஐம்பத்திரண்டில் தொடங்கியது.
இதை எந்தப் பக்கத்திலும் எழுத இடமில்லை.

ஸ்டனிஸ்லாஸ் இரண்டாம் தரம் வந்தார்.
"வயது போவதை மெதுவாக்க முடியுமா
என்று பார்க்கும் ஆய்வு."
தலையாட்டினார். "இப்ப வெளங்குது."
கைப்பிடிக் கருவியை நெரித்தார்,
பழைய லீவரை இழுப்பதுபோல் பல்லைக் கடித்து.
முப்பத்தெட்டு கிலோ. திரும்பவும் நெரிக்கக் கேட்டார்,
வேண்டாம் என்றோம்.
போத்தல் எண் நூற்றுப் பதினேழு.
உள்ளே மருந்தா, வெறும் மாவா,
அவருக்கும் தெரியாது, நெத்மினிக்கும் தெரியாது.

ஒன்பதாம் பக்கத்தில் நின்றார்.
"இதனால் உங்களுக்கு நேரடிப் பயன்
எதுவும் கிடைக்காமல் போகலாம்."
நான் ஒரு தடையுமின்றி மொழிபெயர்த்த
ஒரேயொரு வசனம்.

"அப்ப யாருக்கு மிஸ்?"

நெத்மினி என்னைப் பார்த்தாள்.
நான் படிவத்தைப் பார்த்தேன்.
அவர் பேனையை வாங்கி,
கையெழுத்துக்கு விட்ட புள்ளிக்கோட்டைத் தாண்டி
ஓரம்வரை பெயரை இழுத்து எழுதினார்.
155 பஸ் வந்துவிடும் என்று
எழும்பி ஓடினார்.